தார்ப்பாயில் தைத்த துண்டு

சூடு என்றால் என்னவென்று ஜுபாருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கராகந்தா என்கிற சுரங்க நகரத்தில் ஒரு பொதுக் குளியல் கூடத்தின் கொதிகலனை அவள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் ஜுபார் நேராக அங்கே போவாள். வெளியே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும்; உள்ளே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்த அறையில் உட்கார்ந்துதான் அவள் வீட்டுப்பாடம் எழுதினாள். ஒருநாள் அவளுடைய பிளாஸ்டிக் அடிக்கோல் கொதிகலன் மேல் கிடந்து வில்லாக வளைந்துபோயிற்று. அழுதுகொண்டே அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இனிமே வளைஞ்ச கோடு போடு" என்றாள்.

பிளாஸ்டிக்குக்கும் சூட்டுக்கும் ஆகாது. பிறகு ஜுபாரின் வாழ்க்கை முழுக்க அந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பதிலேயே போயிற்று.

சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு நெஞ்சில் கரித்தூசி சேர்ந்து, அவர் வீட்டோடு உட்கார்ந்த வருடம் ஜுபாருக்குப் பத்தொன்பது வயது. நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாலிமர் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள். மாலைக் கல்லூரியில் படித்தாள். கல்யாணம் நடந்தது, இரண்டே வருடத்தில் சண்டை சச்சரவு இல்லாமல் முடிந்தும்போனது. குடுவை கழுவினவள் மெல்ல மெல்ல மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, முப்பத்தாறு வயதில் அதே ஆய்வகத்தில் பொறியாளர் ஆனாள். ஆய்வகத்து வேன் ஓட்டுகிற கோலியா அவளைச் சீண்டுவதற்கென்றே பிறந்தவன். "உனக்கு அந்தக் கலவைதான் புருஷன், ஜுபார். அதுவும் வெயிலுக்கு ஓடிப்போற புருஷன்" என்பான்.

கலவை என்று அவன் சொன்னது இதைத்தான். கண்ணாடியும் சிலிக்கானும் இல்லாமல், மை பூசுவதுபோல மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மேல் பூசி எடுக்கிற சூரிய ஷீட்டுகளை அந்த ஆய்வகத்தில் செய்தார்கள். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், கூடாரத்தின்மேல் விரிக்கலாம், அவ்வளவு லேசு. அந்த மையில் நீளச் சங்கிலியான பாலிமரும், கரியால் ஆன நுண்ணிய உருண்டைகளும் கலந்திருக்கும். வெயில் பட்டால் இரண்டும் சேர்ந்து மின்சாரம் தரும். ஆனால் சூடு ஏற ஏற அந்த உருண்டைகள் நகர ஆரம்பிக்கும். ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிவிடும். பால் திரிந்த மாதிரிதான். திரிந்த பாலை மறுபடி பாலாக்க முடியாது. ஷீட்டும் அப்படித்தான், ஒரே கோடையில் செத்துப்போகும்.

ஜுபார் கண்டுபிடித்த வழி ரொம்பப் பெரிய வித்தை இல்லை. ஒரே அளவில் இருக்கிற உருண்டைகள் சுலபமாக அடுக்கிக்கொள்கின்றன. அவற்றுக்கு நடுவே கொஞ்சம் நீள்வாட்டமான இன்னொரு வகை உருண்டைகளைக் கலந்துவிட்டால் வரிசை அமையாது; வரிசை அமையாவிட்டால் கட்டி சேராது. எவ்வளவு கலப்பது, எந்தச் சூட்டில் காயவைப்பது என்று பார்த்து முடிக்கத்தான் அவளுக்கு நான்கு வருடம் பிடித்தது. ஆய்வகத்துச் சூட்டுப்பெட்டியில் புதுக் கலவை அசையாமல் நின்றது.

ஆய்வகத் தலைவி எர்னா கென்ரிகோவ்னா, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டிருக்கிறவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்.

"பெட்டிக்குள்ள தாங்குது. பெட்டிக்குள்ள காத்து உண்டா? மணல் உண்டா? பகல்ல கொதிச்சு ராத்திரில குளிருமா?"

"இல்ல மேடம்."

"அப்ப வெளிய கொண்டுபோ. ஒரு கோடைதான் வாங்கித் தர முடியும். தாங்கிச்சுன்னா நீ தொடரலாம். தாங்கலைன்னா இந்த மேசையை நிலக்கரித் தூசியை ஆராயுற ஆளுங்களுக்கு விட்டுக்கொடுக்கணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. நீயும் அவங்களோட போய் உக்காரணும்."

அப்பாவின் நெஞ்சில் இருக்கிற தூசியை ஜுபார் தினமும் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். தூசி மேசைக்குப் போவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான்கு வருடக் கலவை அலமாரிக்குள் போய்விடுமே என்று நினைக்கையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கிசில்ஓர்தா நகரத்துக்கு மேற்கே, மணல்காட்டில், அம்மா வழித் தூரத்துச் சொந்தம் ஒருத்தி இருந்தாள். பெயர் உல்போசின். புருஷன் இறந்த பிறகும் ஒட்டக மந்தையைக் கைவிடாமல் ஓட்டுகிறவள். அகலமான உடம்பு, அதைவிட அகலமான குரல். மகன் மங்கிஸ்தாவில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டான். புதிதாக வந்த மருமகள் மார்ஜான்தான் கூட இருந்து பால் கறந்தாள். அந்த மணலில் கோடையில் கறுப்புத் துணியைத் தொட்டால் கை சுடும். ஷீட்டைப் பரிசோதிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

மே மாதக் கடைசியில் ஜுபாரும் கோலியாவும் போனார்கள். இரண்டு ஷீட்டுகள் கொண்டுபோனார்கள்: ஒன்று பழைய கலவை, இன்னொன்று புதுக் கலவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், உல்போசின் குடியிருக்கும் கூடாரத்தின் தென்புறம் விரிக்க வேண்டும். கோடை முடிந்ததும் எது எவ்வளவு சக்தி இழந்தது என்று அளக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

ஆனால் சொந்தக்கார வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறது எப்படி? வாங்கி வைத்திருந்த மிட்டாய்ப் பெட்டி வேனில் உருகி ஒரே பாளமாகிவிட்டிருந்தது. வழியில் நின்று ஜுபார் யோசித்தாள். புது ஷீட்டை எடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே நீல நாடா ஒன்றைக் கட்டினாள். கூடார வாசலில் இரண்டு கையாலும் அதை நீட்டினாள்.

"பெரியம்மா, இது என் கையாலயே செஞ்சது. நான் செஞ்சதுலயே நல்லது இதுதான்."

உல்போசினும் இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பழைய ஷீட்டைக் கோலியா வேனிலிருந்து சாதாரணமாக இறக்கிப் போட்டான்.

அன்றைக்கே விரித்துக் கட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அவர்கள் கோடை மேய்ச்சலுக்குப் போவதாக இருந்தார்கள். அங்கே வேன் போகாது. ஜுபார் எப்படி விரிப்பது, எந்தப் பக்கம் கட்டுவது, விளக்குக்கும் பாட்டரிக்கும் கம்பியை எப்படிச் செருகுவது என்று எல்லாவற்றையும் சொன்னாள். உல்போசின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். விருந்தாளி பேசும்போது குறுக்கே பேச மாட்டாள் அவள்.

புறப்படும்போது வேனின் மூலையில் ஒரு துண்டு கிடந்தது. புது ஷீட்டை அளவுக்கு வெட்டியபோது மிஞ்சிய ஓரம். ஒரு கை அகலம், ஒரு ஆள் நீளம். கடைசி நேரத்தில் ஏதாவது கம்பியைச் சரிபார்க்க உதவும் என்று ஜுபார் அதன் வெட்டு விளிம்பைப் பிசினால் மூடி, அதற்கும் அளவு எடுத்து, மூலையில் ஒரு எண்ணைக் கீறி எடுத்துவந்திருந்தாள். வாசலில் ஒட்டகச் சாணத்தைக் கூட்டிக்கொண்டிருந்த மார்ஜானிடம் ஒரு விளக்கோடும் சின்ன பாட்டரியோடும் அதைக் கொடுத்தாள்.

"இது வெட்டி மிஞ்சினதும்மா. போன் சார்ஜ் பண்ணிக்கோ. கிழிஞ்சா தூக்கிப் போட்டுடு."

"சரிக்கா" என்று மார்ஜான் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபடி கூட்ட ஆரம்பித்தாள். அத்தோடு ஜுபார் அந்தத் துண்டை மறந்துபோனாள்.

கோடை முழுக்க கராகந்தாவில் இருந்தபடி அவள் வானிலைச் செய்தியில் கிசில்ஓர்தாவை மட்டும் கேட்டாள். அங்கே சூடு ஏறினால் அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எப்போதாவது மணல்மேட்டில் ஏறினால்தான் அவர்களுக்கு சிக்னல் கிடைக்கும். இரண்டு தடவை உல்போசின் கிடைத்தாள்.

"பெரியம்மா, ஷீட் எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, பத்திரமா இருக்கு. ஒரு கீறல் கிடையாது. உன் அம்மா எப்படி இருக்கா?"

ஒரு கீறல்கூட இல்லையாம். அதைக் கேட்ட ஜுபார் அன்றைக்கு அப்பாவுக்குப் பிடித்த இறைச்சி சூப் வைத்தாள்.

செப்டம்பரில் அவர்கள் மேய்ச்சலிலிருந்து பழைய இடத்துக்குத் திரும்பியதும் வேன் கிளம்பியது. கூடாரம் தெரிந்ததுமே ஜுபார் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். தென்புறத்தில் இரண்டு ஷீட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பழையது மங்கிப்போய், மணல் அப்பி, ஓரம் சுருண்டு கிடந்தது. புதியது பளபளவென்று இருந்தது.

தேநீர்கூடக் குடிக்காமல் மீட்டரை எடுத்தாள். பழைய ஷீட் பாதிக்குமேல் இழந்திருந்தது. புதியதன் கம்பியைச் செருகினாள். எண் ஏறியது; ஏறிக்கொண்டே போய், மே மாதத்தில் நின்ற இடத்திலேயே போய் நின்றது. ஜுபார் மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை அளந்தாள். அதே எண்தான்.

அவள் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோலியா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவன், அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு மணல்மேட்டை நோக்கி ஓடினான். அவள் மூச்சிரைக்கப் பின்னால் ஏறுவதற்குள் எர்னா கென்ரிகோவ்னாவிடம் பேசியே விட்டான்.

"மேடம், சுயின்ஷி. முதல்ல சுயின்ஷி சொல்லுங்க, அப்புறம்தான் விஷயம்."

நல்ல சேதி கொண்டுவருகிறவன் சுயின்ஷி கேட்டால் கேட்பவர் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். கராகந்தாவில் பிறந்த எவருக்கும் அதிலிருந்து தப்ப வழியில்லை.

"ரெண்டு நாள் லீவு. சொல்லித் தொலை" என்றது போன்.

கீழே உல்போசின் அதற்குள் ஒரு கிடாயைப் பிடித்துவிட்டாள். அடுப்பில் கொழுப்பு உருகியது, பவுர்சாக் என்கிற மாவு உருண்டைகள் எண்ணெயில் மிதந்தன. ஜுபார் மரக் கிண்ணத்தில் புளித்த ஒட்டகப்பாலைக் குடித்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நான்கு வருட உழைப்பு பிழைத்தது.

வெயில் சாய்ந்தது. உல்போசின் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்ப் புது ஷீட்டைக் கழற்றினாள். தட்டி உதறினாள். பிறகு மடித்தாள்.

ஜுபார் கிண்ணத்தை வாயிலிருந்து எடுத்தாள். அந்தக் கைகள் யோசிக்காமல் மடித்தன. முதல் மடிப்பு, இரண்டாவது மடிப்பு. ஷீட்டில் அந்த இடத்தில் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது. கயிறு கோக்கிற பித்தளை வளையங்களில் ஒரு தேய்மானம்கூட இல்லை. உல்போசின் அவளைக் கடந்து உள்ளே போகும்போது ஷீட்டிலிருந்து காய்ந்த மாசிபத்திரி இலை வாசனை வந்தது. பூச்சி வராமல் இருக்கத் துணிப் பெட்டியில் போடுகிற மாசிபத்திரி.

"பெரியம்மா" என்றாள் ஜுபார். "அதை எங்க வைக்கிறீங்க?"

"எங்க வைப்பேன்? பெட்டியிலதான்."

"தினமும் எடுத்து விரிப்பீங்களா?"

"தினமும் எதுக்கு எடுக்கணும்? நீ வர்றேன்னு நேத்துதான் எடுத்தேன். வந்த பிள்ளை பார்த்து சந்தோஷப்பட வேண்டாமா?"

கோலியாவின் தொண்டையில் பவுர்சாக் சிக்கியது. இருமினான். இருமல் சிரிப்பானது, சிரிப்பு நிற்கவில்லை. ஜுபார் கைக்குக் கிடைத்த கரண்டியால் அவன் முழங்காலில் ஒன்று போட்டாள்.

"எதுக்குச் சிரிக்கிறான் இவன்?" என்று கேட்டாள் உல்போசின். "உன் முகம் ஏன் இப்படிச் செத்துப்போச்சு?"

ஜுபார் மெதுவாகத்தான் சொன்னாள். அது வெயிலில் கிடந்து வேக வேண்டிய பொருள் என்றாள். வெந்தும் சாகாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கொண்டுவந்தேன் என்றாள். உல்போசின் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரல் முதல் தடவையாக அகலம் குறைந்து வந்தது.

"விருந்தாளி கையால குடுத்ததை வெயில்ல போட்டு வதக்கினா, ஊரு என்னைப் பத்தி என்ன பேசும்? நீ ரெண்டு கையால குடுத்தே. நாடா கட்டிக் குடுத்தே. என் கையாலயே செஞ்சதுன்னு சொன்னே. மருமகளுக்குப் பிள்ளை பொறந்தா தொட்டில் மேல போடலாம்னு நான் எடுத்து வெச்சேன். அந்த இன்னொண்ணை நீ கீழ போட்டே. சரி, அது வேலைக்குன்னு விரிச்சேன்."

ஜுபாரின் வீட்டிலும் பெட்டி ஒன்று உண்டு. அதில் அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பட்டுப் போர்வை ஒன்று, ஒரு நாள்கூட யாரும் போர்த்தாமல், மாசிபத்திரி வாசனையோடு இன்னும் கிடக்கிறது. நாடாவைக் கட்டும்போது அவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

"தப்பு என்னுது பெரியம்மா" என்றாள். "நீங்க செஞ்சது சரிதான்."

அவள் தனியாக மேட்டில் ஏறி எர்னா கென்ரிகோவ்னாவைக் கூப்பிட்டாள். சொன்ன சேதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"கேக் வெட்டிட்டோம், ஜுபார். பாதி தீர்ந்தும் போச்சு."

"மன்னிச்சுக்குங்க மேடம்."

"சாப்பிட்டதை யாரு திருப்பித் தரப் போறா. அளக்க வேற எதுவுமே இல்லையா? ஒரு வெயில் பட்ட துண்டுகூட?"

"இல்ல மேடம்."

"பத்திரமா வா. அந்தத் தூசி ஆளுங்க மோசமில்ல, நல்லா டீ போடுவாங்க" என்றார் எர்னா. ஏலக்காயைக் கடிக்கிற சத்தம் கேட்டது. அவர் அழாமல் இருப்பதற்காகக் கடிக்கிறார் என்று ஜுபாருக்குத் தெரியும்.

மேட்டிலிருந்து இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கீழே, கறுப்புத் தார்ப்பாய் போட்ட பால் பந்தலுக்குள் ஒரு வெளிச்சம் தெரிந்தது. மார்ஜான் ஒற்றைக் காலில் நின்று, மடக்கிய முழங்காலின்மேல் வாளியை வைத்துக்கொண்டு ஒட்டகம் கறந்துகொண்டிருந்தாள். மாமியார் முன்னால் வாயே திறக்காதவள் ஒட்டகத்திடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"நில்லுடி. உன் அழகுக்கு இன்னொரு கால் வேற தூக்கணுமா? நில்லு, மகாராணி, இன்னும் ரெண்டு பீச்சுதான்."

ஜுபாரைப் பார்த்ததும் வெட்கப்பட்டு நிறுத்தினாள்.

"பேசும்மா, அதுவும் கேக்குதே" என்றாள் ஜுபார். அப்போதுதான் பந்தல் கழியில் தொங்கிய விளக்கு அவள் கண்ணில் பட்டது. "இந்த விளக்கு எதுல எரியுது?"

"நீங்க குடுத்ததுலதான்."

"நான் குடுத்ததா? அதுதான் பெட்டிக்குள்ள இருக்கே."

"அது அத்தைக்குக் குடுத்தது. இது எனக்குக் குடுத்தீங்களே. கிழிஞ்சா தூக்கிப் போடுன்னு."

ஜுபார் பந்தலுக்கு வெளியே வந்து, கால் விரலில் எம்பிப் பார்த்தாள். தார்ப்பாயின் மேலே, தென்புறமாக, அந்தத் துண்டு கிடந்தது. மணலும் பால் தெறித்த கறையும் பறவை எச்சமும் அப்பிக்கிடந்தன. நாலு ஓரத்திலும் ஒட்டக மயிர் நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது.

"எப்போ தச்சே?"

"நீங்க போன மறுநாளே. கட்டினா காத்து கொண்டுபோயிடும்னு தச்சுட்டேன். கண்ணாடி மாதிரி இருந்த பாகத்துல ஊசி ஏத்தல அக்கா, ஓரத்துல மட்டும்தான். தப்பா?"

"நடுவுல எடுத்தியா? ஒரு நாளாவது மடிச்சு வெச்சியா?"

"தச்சதை எப்படிக்கா எடுக்கிறது? மேய்ச்சலுக்குப் போனப்ப தார்ப்பாயோடயே ஒட்டகத்து மேல போச்சு. அங்கயும் பந்தல் மேலதான். அந்தத் தார்ப்பாய் பகல்ல அடுப்பு மாதிரி கொதிக்கும். ஒட்டகமே அடில வராது." வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "சாயங்காலம் இதுல போனை ஏத்திக்கிட்டு மேட்டு மேல போவேன். அவரு கிணத்து வேலையிலேர்ந்து வந்ததும் கூப்பிடுவாரு. இந்தக் கோடை எனக்கு இதனாலதான் ஓடிச்சு."

ஜுபார் அன்றைக்கு அளக்கவில்லை. அளக்க வெயில் வேண்டும். யாரிடமும் சொல்லவும் இல்லை. படுத்தாலும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் மார்ஜான் ஒரு சொம்புத் தண்ணீரும் துணியுமாக வந்து துண்டைத் துடைத்துக் கொடுத்தாள். மூலையில் ஜுபாரே கீறின எண் தெளிவாக இருந்தது. புதுக் கலவைதான், பெட்டியில் கிடந்த ஷீட்டின் உடன்பிறப்பு. ஜுபார் கம்பியைச் செருகினாள்.

துண்டு கொஞ்சம்தான் இழந்திருந்தது. பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பக்கத்தில் நின்ற கோலியா வாயைத் திறந்தான். அவள் முறைத்தாள்.

"நான் எதுவும் சொல்லல" என்றான் அவன். "இந்தத் தடவை சுயின்ஷி நீயே கேட்டுக்கோ. எனக்கு வேண்டாம், என் ரெண்டு நாள் லீவே போச்சு."

ஜுபார் மூன்று தடவை அளந்தாள். பிறகு மார்ஜானைக் கட்டிக்கொண்டாள். மார்ஜானுக்கு என்ன ஆயிற்று என்று புரியவில்லை; ஆனாலும் பால் வாசனையடிக்கிற கையால் இவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. ஜுபார் சொன்னால் மட்டும் போதாது. துண்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டும், நுண்ணோக்கியின் கீழே வைத்துக் கட்டி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டால் பந்தல் இருட்டாகிவிடும், போன் அணைந்துவிடும். மங்கிஸ்தாவிலிருந்து வருகிற குரலும் நின்றுவிடும். கத்தரிக்கோலை மார்ஜானே கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தை மட்டும் ஒட்டகத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இதையெல்லாம் கூடார வாசலில் நின்று உல்போசின் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி உள்ளே போனாள். பெட்டி மூடி திறக்கிற சத்தம் கேட்டது. வரும்போது மார்போடு அணைத்து அந்தப் புது ஷீட்டைக் கொண்டுவந்தாள். வெள்ளைத் துணியை உருவினாள். மருமகளிடம் நீட்டினாள்.

"இந்தா. இதைத் தை. நெருக்கமாத் தை, அதுல தச்ச மாதிரியே."

"அத்தை, இது தொட்டிலுக்குன்னு..."

"தொட்டிலுக்கு முதல்ல உன் புருஷன் வீட்டுக்கு வரணும். அவன்கூடப் பேசறதுக்கே இது வேணும்" என்றாள் உல்போசின். பிறகு ஜுபாரைப் பார்த்து, "நாடாவை நான் வெச்சுக்கறேன். அதைக் கேக்காதே" என்றாள். நீல நாடா மட்டும் பெட்டிக்கே திரும்பிப் போயிற்று.

பழைய ஷீட்டையும் துண்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். உல்போசின் மிச்சமிருந்த கறியையும் பவுர்சாக்கையும் மூட்டையாகக் கட்டி, விருந்தில் மிஞ்சினதை வீட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால் மனம் ஆறாது என்று வேனில் திணித்தாள். கராகந்தாவில் எர்னா கென்ரிகோவ்னா முதலில் மூட்டையைத் திறந்து ஒரு பவுர்சாக் தின்றார். அப்புறம்தான் நுண்ணோக்கியில் குனிந்தார்.

பழைய ஷீட்டில் கட்டிகள் சுரங்கக் குவியல்போலக் கிடந்தன. துண்டில் அப்படி எதுவும் இல்லை. பூசின நாளில் இருந்த மாதிரியே வழவழவென்று இருந்தது. எர்னா நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

"ஒரே ஒரு துண்டு" என்றார் நிமிராமலே. "இதை வெச்சு உலகத்துக்கே சொல்ல முடியாது."

"தெரியும் மேடம்."

"ஆனா இன்னொரு கோடை கேக்கலாம்." நிமிர்ந்தார். "தூசி ஆளுங்ககிட்ட அந்த ஜன்னலோர மேசையை எடுத்துக்கச் சொல்றேன். இது நம்மகிட்டயே இருக்கட்டும். ஏய், அந்த நூலைப் பிரிக்காதே. அப்படியே இருக்கட்டும்."

கேட்ட கோடை கிடைத்தது. அடுத்த மே மாதம் ஜுபார் பன்னிரண்டு ஷீட்டுகளைப் பழைய கோணிச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனாள். பரிசாகத் தனியே ஒரு தேநீர்ப் பொட்டலமும் மிட்டாயும் கொண்டுபோனாள். இந்தத் தடவை மிட்டாய் உருகாமல் இருக்க அதை ஈரத்துணியில் சுற்றியிருந்தாள். ஷீட்டுகளை இறக்கி மணலில் போட்டாள். மிட்டாயை இரண்டு கையாலும் கொடுத்தாள். உல்போசின் மிட்டாயை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள், ஷீட் மூட்டையைக் காலால் நகர்த்தினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மார்ஜான் ஊசியும் நூலுமாகத் தயாராக இருந்தாள்.

அந்தக் கோடையும் தாங்கியது. எர்னாவும் ஜுபாரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். கடைசியில் உதவினவர்களுக்கு நன்றி சொல்கிற இடம் வந்தபோது ஜுபார் மணல்மேட்டுக்கு போன் போட்டாள். காற்றுச் சத்தத்துக்கு நடுவே மார்ஜானின் குரல் வந்தது.

"உன் பேரைப் போடறோம்மா, கட்டுரையில. நன்றின்னு."

"என் பேரா? எதுக்குக்கா? நான் தச்சேன், அவ்வளவுதானே."

"அதுக்குத்தான்."

மார்ஜான் மெதுவாகச் சொன்னாள். "அப்ப வீட்டுப் பெரியவங்க பேரையும் போடுங்கக்கா. பெட்டியிலேர்ந்து எடுத்துக் குடுத்தது அவங்கதானே."

"போடறேன். முழுப்பேர் எப்படி எழுதறது? சொல்லு."

"நானா? நான் எப்படிக்கா சொல்றது" என்றாள் மருமகள். மாமியாரின் பெயரை அவள் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. "உங்களுக்குத்தான் தெரியுமே. நீங்களே எழுதிக்குங்க."

ஜுபார் எழுதினாள். உல்போசின் பெயரை முதலிலும், மார்ஜான் பெயரை அதற்கு அடுத்ததாகவும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துப் பார்த்த எர்னா கென்ரிகோவ்னா, ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிவிட்டு, அந்த வரியைத் திருத்தாமல் விட்டார்.